எத்தனை சதவீதம் தெரிந்தது? இதற்குப் பதில் தெரிந்தவருக்கே வேலை!

எலவனாசூர்கோட்டையிலிருந்து வெப் டெவலப்பர் வேலை தேடிச் சேலம் பக்கம் போனாலும் சரி, உளுந்தூர்பேட்டை போய் சென்னை பஸ் ஏறினாலும் சரி, உங்கள் ரெஸ்யூமேவும் பக்கத்து சீட்காரர் ரெஸ்யூமேவும் ஒன்றுதான். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், யூடியூப் பார்த்துச் செய்த ஒரு ப்ராஜெக்ட். கூட்டத்திலிருந்து தனியே தெரிய வேண்டுமானால், பலர் தொடாத ஒரு சின்ன வேலையில் ஆழமாக இறங்குங்கள். என் சிபாரிசு இது: வெப் பக்கத்தில் உள்ள ஒரு பேனரோ வீடியோவோ பார்ப்பவரின் ஸ்கிரீனில் எவ்வளவு தெரிந்தது, எத்தனை நொடி தெரிந்தது என்று அளப்பது.

1. பணம் எங்கே என்று பாருங்கள். விளம்பரம் லோட் ஆனால் மட்டும் போதாது. கண்ணில் பட வாய்ப்பிருந்ததா என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வகுத்த அளவுகோல்படி, சாதாரண பேனரின் பிக்சல்களில் 50 சதவீதம் தொடர்ந்து 1 நொடி தெரிய வேண்டும். வீடியோவுக்கு 2 நொடி. 2,42,500 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய பேனருக்கு 30 சதவீதம் போதும். இந்த மூன்று அளவுகளையும் மனப்பாடம் செய்யுங்கள். விளம்பரம் சார்ந்த கம்பெனி என்றால் மேனேஜர் பேசும் பாஷையே இதுதான்.

2. பழைய முறையைக் குறை சொல்லத் தெரிய வேண்டும். ஸ்க்ரோல் நடக்கும்போதெல்லாம் எலிமென்ட் எங்கே இருக்கிறது என்று பிரவுசரைக் கேட்டுக்கொண்டே இருந்தால், விலை குறைந்த போன் திணறும். 2016-ல் குரோம் 51-உடன் வந்த இன்டர்செக்ஷன் அப்சர்வர் என்ற வசதி இதை மாற்றியது. 2017-ல் ஃபயர்பாக்ஸும் 2019-ல் சஃபாரியும் சேர்ந்துகொண்டன. எத்தனை சதவீதம் தெரியும்போது தகவல் வேண்டும் என்று த்ரெஷோல்டில் சொல்லிவிட்டால், அந்த எல்லையைத் தாண்டும்போது பிரவுசரே உங்களைக் கூப்பிடும்.

3. இதுவரை டுடோரியல் பார்த்த எவரும் சொல்லிவிடுவார். இன்டர்வ்யூவில் உங்களைப் பிரித்துக் காட்டப்போவது இந்த அப்சர்வர் சொதப்பும் இடங்கள்தான். பாதி நேரத்தை இங்கே போடுங்கள். அப்சர்வ் சொன்ன உடனே, எலிமென்ட் ஸ்கிரீனில் இல்லாவிட்டாலும் கால்பேக் ஒருமுறை ஓடும். அதை ‘பார்த்தார்’ என்று எண்ணினால் ரிப்போர்ட் முழுக்கப் பொய். அடுத்து, 2000 பிக்சல் உயரக் கட்டுரையை 800 பிக்சல் உயர ஸ்கிரீனில் வைத்தால், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 40 சதவீதம்தான் தெரியும். த்ரெஷோல்டை 0.5 என்று வைத்தவர் ‘பாதி தெரிந்தது’ என்ற கால்பேக்குக்காகக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். வேறு டேபுக்குப் போய்விட்டாலும் உங்கள் டைமர் ஓடிக்கொண்டிருக்கும். விசிபிலிட்டி சேஞ்ச் ஈவென்ட்டைக் கேட்டு நிறுத்துங்கள். பேனர் மேல் ஒரு பாப்-அப் உட்கார்ந்து மறைத்தால் சாதாரண அப்சர்வருக்கு அது தெரியாது. அதைக் கவனிக்கும் இரண்டாம் வெர்ஷன் குரோம் வகைப் பிரவுசர்களில் மட்டும்தான் உண்டு. அதிலும் குறைந்தது 100 மில்லிசெகண்ட் இடைவெளி கொடுக்க வேண்டும்.

4. ப்ராஜெக்ட்டை ஊரிலேயே செய்யுங்கள். கல்வராயன் மலையின் மேகம், பெரியார் அருவிகளுக்கு ஒரு போட்டோ பக்கம் போடுங்கள். எந்தப் படம் எத்தனை நொடி பார்க்கப்பட்டது என்று பதிவாகட்டும். கீழே உள்ள படங்களை லேசி லோட் செய்யுங்கள். முதல் பெரிய படத்தை மட்டும் தொடாதீர்கள். அதைத் தாமதப்படுத்தினால், பக்கத்தின் பெரிய பகுதி ஸ்கிரீனில் தெரிய ஆகும் நேரமான எல்சிபி கெடும். கூகுள் நல்லது என்று ஏற்கும் எல்லை 2.5 நொடி. பிறகு சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப்பாதையில், பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாருங்கள். சென்னை ஓஎம்ஆரில் வைஃபையோடு உட்கார்ந்திருக்கும் போட்டியாளருக்கு இந்த டெஸ்ட்டிங் வசதி கிடையாது! நடந்ததை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து கிட்ஹப் லிங்க்கோடு ரெஸ்யூமேவில் சேர்த்துவிடுங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் சான்றிதழ் இருந்தால் அதை இந்த லிங்க்குக்குக் கீழே வையுங்கள், மேலே வேண்டாம்.

5. குறி வைத்து அனுப்புங்கள். ஜோஹோவின் பேஜ்சென்ஸ், பக்கத்தில் மக்கள் எதுவரை ஸ்க்ரோல் செய்தார்கள், எங்கே கிளிக் செய்தார்கள் என்று ஹீட்மேப்பில் காட்டும் ப்ராடக்ட். அதன் ஹெல்ப் பக்கங்களைப் படித்துவிட்டு அப்ளை செய்பவர் வேறு, ‘ஃபிரெஷர், எனி ரோல்’ என்று மெயில் அனுப்புபவர் வேறு. சென்னைதான் என்று அடம்பிடிக்க வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் வானூர் அருகே 2024-ல் மினி டைடல் பார்க் திறந்தாகிவிட்டது.

6. இன்டர்வ்யூவில் கோடிங்கை விளக்கிக்கொண்டே போகாதீர்கள். ‘மூன்றாவது படத்தைப் பாதிப் பேர்கூடப் பார்க்கவில்லை, அதனால் மேலே நகர்த்தினேன்’ என்று முடிவைச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்தில் உண்மையில் கிடைத்த எண்ணோடு. எதிரே இருப்பவர் விவரமானவர் என்றால் அடுத்து 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ‘யாருடைய டேட்டா இது?’ என்பார். பெயர், போன் நம்பர் எதையும் தொடவில்லை, படத்தின் எண், சதவீதம், நொடி மட்டுமே சர்வருக்குப் போகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சம்பளப் பேச்சை அவர் ஆரம்பிக்கட்டும்.