காப்பகம் போகும் குழந்தைக்கு டிராக்கர் வாட்ச்சா?

* ஜி.பி.எஸ். திறந்தவெளியில்தான் துல்லியம். கான்கிரீட் கட்டடத்துக்குள் காட்டும் இடம் பக்கத்துத் தெருவாகக்கூட இருக்கலாம். உடனே பதறாமல், முதலில் காப்பகத்துக்கு போன் செய்யுங்கள்.

* ஆப்பிளின் ஏர்டேக் போன்ற டிராக்கர்கள் பொருட்களைத் தேடித் தரவே தயாரிக்கப்பட்டவை. அருகில் ஆப்பிள் சாதனம் எதுவும் இல்லாவிட்டால் ஏர்டேக்கின் இருப்பிடம் புதுப்பிக்கப்படாது.

* ஏர்டேக்கில் இருப்பது சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி. விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பட்டன் பேட்டரி உள்ள எதை வாங்கினாலும், மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருக்கும் மாடலையே வாங்குங்கள்.

* கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள். சறுக்குமரத்தில் சிக்கினால் ஆபத்து. கைப்பட்டையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். தினமும் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள சிறுவர் வாட்ச்களுக்கு ஜெர்மனி 2017-ல் தடை விதித்தது. மற்ற குழந்தைகள், ஆயாம்மாக்களின் பேச்சும் கேட்கும் என்பதால், அந்த வசதியை அணைத்து வையுங்கள். காப்பகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* வாங்கியதுமே பாஸ்வேர்டை மாற்றுங்கள். செயலியில் குழந்தையின் முழுப்பெயர், படம் வேண்டாம்.

* வாட்ச் இருக்கிறதென்று அசட்டையாக இருக்காதீர்கள். யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்று காப்பகத்தில் எழுதிக் கொடுப்பதே முதல் பாதுகாப்பு.