வளரும் குழாய்க்கு எந்தத் தையல்?

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டம் நடத்தும்போது, "வெட்டிய ரத்தக்குழாயை எப்படி சார் இணைப்பார்கள்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வியையே ஒரு பாடவேளைச் செயல்பாடாக நடத்திவருகிறேன்.

பின்னணி: பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் காரல், குழாயின் வட்ட விளிம்பில் சம இடைவெளியில் மூன்று தையல்கள் போட்டு இழுத்தார். வட்டம் முக்கோணமானது, நேரான பக்கங்களைத் தைப்பது எளிதாயிற்று. ரத்தக்குழாய்த் தையல், உறுப்பு மாற்று ஆய்வுகளுக்காக 1912-இல் நோபல் பரிசு பெற்றார். 1944-இல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, பெருந்தமனியின் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி இரு முனைகளையும் இணைத்தார்.

இரு முறைகள்: ஒரே நூலால் சுற்றிலும் தைப்பது தொடர் தையல். விரைவாக முடியும், ரத்தக் கசிவும் குறைவு. ஒவ்வொரு தையலையும் தனியே முடிச்சிடுவது தனித்தையல். இதற்கு நேரம் கூடுதல். பெரியவர்களுக்கு இவ்வளவே கணக்கு. குழந்தைக்கோ குழாயும் வளர வேண்டும்.

செயல்பாடு: பழைய காலுறையின் மேற்பகுதியைக் குறுக்கே வெட்டி, ஒரு குழு தொடர் தையலாலும் மறு குழு தனித்தையலாலும் இணைக்கட்டும். ஆன நேரத்தைக் குறிக்கவும். உள்ளே பலூனை வைத்து ஊதினால், இறுக்கமான தொடர் தையல் இடுப்புக்கயிறு போல் பிடித்துக்கொள்ளும். தனித்தையலில் இடைவெளிகள் விரியும். துணி விரிகிறது, உயிருள்ள குழாயோ வளர்கிறது என்ற வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு: 7 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 22 மி.மீ. அது 14 மி.மீ. விட்டத்துக்கு வளர்ந்தால் சுற்றளவு 44 மி.மீ. நீளாத நூல் 22-லேயே நிற்கும். தைத்த இடத்தில் ஆரம் பாதிதான். ஒரே அழுத்தத்தில், ஒரே நீளமுள்ள குழாயில், சீரான ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகும். உடலில் நிலைமை இவ்வளவு எளிதன்று. ஆனாலும் குறுகல் ஏன் ஆபத்து என்பது மாணவர்களுக்கு விளங்கிவிடும்.

மூன்றாம் வழி: பாலிபுரொப்பிலீன் நூல் உடலில் கரையாது. பாலிடயாக்ஸனோன் நூல் சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்குள் திசு ஒட்டிக்கொள்ளும். எனவே தொடர் தையலின் வேகத்தை இழக்காமலேயே வளர்ச்சிக்கும் இடம் விடலாம்.

மதிப்பீடு: "இரண்டு மாதக் குழந்தைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் எந்த முறை, எந்த நூல்? காரணம் கூறுக." விடையை விடக் காரணத்துக்கே மதிப்பெண் வழங்கலாம்.