கூன்வண்டும் கூர்ந்த பார்வையும்

(இளம் அறிவியல், விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

உலகில் இதுவரை அறிஞர்கள் பெயரிட்டுள்ள வண்டினங்கள் ஏறத்தாழ 4,00,000. வேறெந்த விலங்கு வரிசையிலும் இத்தனை இனங்கள் இல்லை. அவற்றுள் கூன்வண்டுக் குடும்பம் ஒன்றில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றைக் காண மலைக்கும் காட்டுக்கும் போக வேண்டுவதில்லை. அரிசிப் பானையிலும் கத்தரிச் செடியிலும் தென்னந்தோப்பிலும் அவை நம்மோடு வாழ்கின்றன. நாள்தோறும் கண்ணில் படும் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் என்ன பயன் விளையும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே கூற விரும்புகிறேன்.

இனங்காணும் வழி

வண்டுகளின் முன்சிறகுகள் இரண்டும் ஓடுபோல் இறுகி, பறக்க உதவும் பின்சிறகுகளை மூடிக் காக்கின்றன. பெரும்பாலான வண்டுகளில் இவை முதுகின் நடுவே நேர்கோடாகச் சேர்ந்திருக்கும். கூன்வண்டுக்கு இன்னும் ஓர் அடையாளம் உண்டு. அதன் தலை முன்பக்கம் நீண்டு அலகுபோல் வளைந்திருக்கும். இது கொசுவுக்கு இருப்பது போன்ற உறிஞ்சுகுழல் அன்று. இதன் நுனியில் கடிக்கும் தாடைகள் இருக்கின்றன. ஆகவே இது துளையிடும் கருவி. உணர்கொம்புகள் இந்த அலகிலிருந்தே கிளம்பி, முழங்கைபோல் மடங்கி நிற்கும். இதன் புழுவுக்குக் கால்கள் கிடையா. இந்தக் கடைசி அடையாளத்தை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் அது பயன்படும்.

சமையலறையில் ஓர் ஆய்வு

அரிசியில் வண்டு விழுந்தால் வீட்டில் வெயிலில் உலர்த்தி, முறத்தில் புடைத்து எடுத்து வைக்கிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் வண்டு! எங்கிருந்து வந்தது? இதை அறிய, வண்டுகளை முழுவதும் நீக்கிய ஒரு கைப்பிடி அரிசியைக் கண்ணாடிப் புட்டியிலிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தேன். வெளியிலிருந்து எதுவும் நுழைய வழியில்லை. மூன்றாம் வாரம் புதிய வண்டுகள் ஊர்ந்தன. அதுவரை பழுதின்றித் தோன்றிய சில மணிகளில் வட்டத் துளைகள் இருந்தன.

காரணம் இதுதான். பெண் வண்டு அலகால் அரிசிமணியில் நுண்ணிய குழி தோண்டி, அதில் ஒரு முட்டையிட்டு, பசைபோன்ற பொருளால் அடைத்துவிடுகிறது. புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்கின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்த வண்டு துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. முறத்தில் புடைக்கும்போது போவது வெளியே நடமாடும் வண்டுகள் மட்டுமே.

பயறு வண்டின் வழக்கம் வேறு. அது பயற்றின் மேல்தோலில் முட்டையை ஒட்டுகிறது. வெள்ளைப் புள்ளிபோல் அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நீண்ட அலகும் அதற்கு இல்லை. அது கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

தோப்பில் கண்டது

தென்னைக்குப் பகையான வண்டுகளில் இரண்டு முதன்மையானவை. காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைத் துளைக்கும். பின்னர் ஓலை விரியும்போது விசிறிபோல் வெட்டுப்பட்டுக் காணும். அதன் புழு எருக்குழியில் வளர்கிறது. சிவப்புக் கூன்வண்டின் புழுவோ மரத்தின் உள்ளேயே இருந்து தண்டைத் தின்கிறது. வெளியே தெரிவது ஒரு சிறு துளையும் அதில் வடியும் பழுப்பு நிறச் சாறும்தான்.

சென்ற ஆண்டு என் மாமாவின் தோப்பில் 12 வயதுத் தென்னை ஒன்று மட்டைகள் மஞ்சளித்துச் சாய்ந்தது. பிளந்து பார்த்தபோது தண்டு முழுதும் சக்கையாக இருந்தது. “எருக்குழியில் இருந்த புழுவையெல்லாம் பொறுக்கி எறிந்தேனே மாப்பிள்ளை, இது எப்படி வந்தது?” என்றார் மாமா. எருக்குழிப் புழு ஒன்றையும் தண்டிலிருந்த புழு ஒன்றையும் ஒரே இலையில் வைத்துக் காட்டினேன். முன்னதற்கு மூன்று இணைக் கால்கள், பின்னதற்கு ஒன்றுமில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அடுத்த மரத்தில் காதை வைத்துக் கேட்டார். புழு மெல்லும் ஓசை சில சமயம் வெளியே கேட்கும் என்று மரமேறுவோர் சொல்வது உண்மை.

இரண்டும் வெவ்வேறு பகைகளாயினும் தொடர்பற்றவை அல்ல. காண்டாமிருக வண்டு செய்த காயத்திலும் அரிவாள் பட்ட காயத்திலும் கூன்வண்டு முட்டையிடுகிறது. ஆகவே பச்சை மட்டையை மரத்தை ஒட்டி வெட்டலாகாது. காயங்களை அடைத்துவிட வேண்டும். விழுந்த மரத்தைப் பிளந்து எரிக்க வேண்டும்.

நன்மை செய்த கூன்வண்டு

கூன்வண்டுகள் எல்லாம் பகையல்ல. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய சால்வினியா என்னும் மிதக்கும் களை பல நாடுகளின் ஏரிகளை மூடியது. கேரளத்தின் நீர்நிலைகளும் வயல்களும் இதனால் பெரிதும் துன்புற்றன. அதைத் தின்னும் ஒரு சிறு கூன்வண்டை முதலில் சில நாடுகளில் விட்டனர், களை அடங்கவில்லை. பின்னர் பிரேசிலில் இக்களை இயல்பாக வளரும் இடத்திலேயே எடுத்த கூன்வண்டை ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980-இல் விட்டனர். ஓராண்டு அளவிலேயே களை அழிந்தது. இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினும், வேறு இனங்கள் என்பது கூர்ந்த ஆய்வில் தெளிந்தது. வென்ற இனத்துக்கு 1985-இல் தனிப்பெயர் சூட்டப்பட்டது. கேரளத்திலும் 1980-களில் இவ்வண்டு விடப்பட்டு நற்பயன் தந்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சிகளிடையே கண்ட வேறுபாட்டில் ஏரிகளின் வாழ்வு அடங்கியிருந்தது!

நாம் செய்யக்கூடியது

ஒரு குடையைத் தலைகீழாக விரித்துச் செடியின் கீழ் பிடித்து, கிளையைக் கோலால் இருமுறை தட்டுங்கள். சாம்பல் நிறக் கூன்வண்டுகள் விழுந்து, கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் எழுந்து நடக்கும். கத்தரி இலையின் ஓரங்கள் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால் அங்கே தேடலாம். இரவில் விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டினால் வேறு பல வண்டுகள் வரும். ஒரு கைலென்சும் குறிப்பேடும் போதும். கைப்பேசிப் படம் உருவத்தைக் காட்டும். நாள், இடம், செடியின் பெயர், அது என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை நாம்தான் எழுதவேண்டும். நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓராண்டு இவ்வாறு எழுதிவந்தால், எந்த மாதத்தில் எந்தப் பயிரில் எந்த வண்டு வருகிறது என்று நம் ஊர் உழவர்க்கு நாமே எடுத்துக் கூறலாம். படித்ததன் பயன் அதுவன்றோ?