கிணத்துக்கும் ஒரு நோட்டு போடுவோம்



ராசிங்காபுரம் குழுக் கூட்டத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் ஓர் அக்கா கேட்டார்: "மலையில பெரிய வேலை ஏதாச்சும் வந்து நம்ம கிணத்துத் தண்ணி கெட்டுப்போனா, முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சுன்னு எப்படிம்மா காட்டுறது?" இந்த மாதப் பாடமே அந்தக் கேள்விதான்.

பக்கத்துப் பொட்டிப்புரத்தைப் பாருங்கள். மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பாதிப்பு அறிக்கை எழுதிய நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால், பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அதை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள், 'கட்டடம், கட்டுமானம்' என்ற பிரிவில். 2006-ஆம் வருட மத்திய அரசு அறிவிக்கைப்படி அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. மலையைக் குடையுறதும் மாடிவீடு கட்டுறதும் ஒண்ணா? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 2022-ல் தமிழக அரசு, திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் சொன்னது.

அதனால் எந்தத் திட்டம் வந்தாலும் முதல் கேள்வி, "எந்தப் பிரிவுல போட்டிருக்காங்க?" கருத்துக் கேட்பு உள்ள பிரிவு என்றால், குறைந்தது 30 நாள் முன்னால் பேப்பரில் அறிவிப்பு வரவேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கவேண்டும். கலெக்டர் ஆபீசில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் எந்தக் கிணற்றில், எந்த மாதம் தண்ணீர் எடுத்தார்கள் என்று தேடுங்கள். மழைக்குப் பின்னால் மட்டும் எடுத்திருந்தால் கோடையின் நிலை அதில் தெரியாது.

நம் கையிலும் கணக்கு வேண்டும். சேமிப்புக்கு நோட்டு போடுகிறோமே, அதுபோல கிணற்றுக்கும் ஒன்று. மே மாதம் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒரு தடவை, அதே கிணறு, அதே போர். போர் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். ஜூஸ் பாட்டில் வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, ரிசல்ட் தாளை நோட்டில் ஒட்டுங்கள்.

நைட்ரேட் அளவை அவசியம் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பாறைக்கு வைக்கும் வெடிமருந்திலிருந்தும் அது தண்ணீரில் கலக்கும், தோட்டத்துக்குப் போடும் உரத்திலிருந்தும் கலக்கும். பழைய கணக்கு இல்லாவிட்டால், "உங்க உரம்தான்" என்று நம்மிடமே திருப்பிவிடுவார்கள். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபைக்கு அந்த நோட்டோடு போங்கள். அளவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.