ஊர் கூடும் களம்

ஸ்ரீ விஜயபுரத்து வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் நடைபெறும்போது, கராச்சர்மா முதலிய சுற்றூர்களில் வாழும் தமிழர் அங்கே திரள்வர். பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவரின் பேரப்பிள்ளைகளும், சென்ற ஆண்டு பணிமாற்றத்தில் வந்தவரின் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். கோயிலுக்குச் சென்றவர் சாமியை மட்டும் கும்பிட்டுத் திரும்புவதில்லை. யார் வீட்டில் திருமணம், யார் ஊருக்குப் போயிருக்கிறார், யாருக்கு உடல்நலம் இல்லை என்னும் செய்திகளும் அங்கேதான் கைமாறுகின்றன. சொந்த ஊரை விட்டு வந்தவர்க்கு விழா நாளே ஊராகிவிடுகிறது.

இதே தீவுக்கூட்டத்தில் வாழும் இன்னொரு மக்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் நிக்கோபாரியர்.

அந்தமானுக்குத் தெற்கே பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பகுதி உள்ளது. அதைக் கடந்தால் முதலில் வருவது கார் நிக்கோபார். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அது சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தமிழர்க்கு இத்தீவுகள் புதியன அல்ல; முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிக்கோபாரியர் 27,168 பேர். அவர்களுடைய மொழி தமிழோடும் இந்தியோடும் உறவுடையதன்று. மேகாலயத்தின் காசி, கம்போடியாவின் கெமர் ஆகிய மொழிகளே அதன் உறவினர்.

நிக்கோபாரியரின் வாழ்வைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்களை அறிய வேண்டும். ஒன்று துஹெத். பல குடும்பங்கள் ஒன்றாக இணைந்த பெருங்குடும்பம் அது. நிலமும் தென்னையும் பன்றியும் படகும் துஹெத்துக்கு உரியன; தனியொருவருக்கு உரியன அல்ல. மற்றொன்று எல்பனம். கார் நிக்கோபாரில் ஒவ்வோர் ஊருக்கும் கடற்கரையில் ஒரு பொதுவெளி இருந்தது. கூட்டம் நடத்தும் பெரிய குடில், மகப்பேற்றுக்கான வீடு, இறக்கும் தறுவாயில் உள்ளவரைக் கிடத்தும் வீடு, படகுக் கொட்டில், இடுகாடு ஆகிய யாவும் அங்கே இருந்தன. பிறப்பும் இறப்பும் விருந்தும் விளையாட்டும் நிகழ்ந்த இடம் அது. தமிழ்நாட்டு ஊர்களின் மந்தையையும் மன்றத்தையும் சுடுகாட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தாற்போல என்று எண்ணிக்கொள்ளலாம்.

அந்த எல்பனத்தில் நடைபெற்ற விழாக்களுள் பெரியது, மறைந்த குடும்பத் தலைவர்க்கு எடுக்கும் விழா. ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்புத் திருவிழா’ என்று பெயரிட்டனர். பெயர் அச்சந்தருவது, பொருத்தமானதும் அன்று. இறந்தவரைப் புதைத்துச் சில ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய எலும்புகளை மெல்லத் தோண்டி எடுத்து, துணியால் போர்த்தி, மரியாதை செய்து மீண்டும் அடக்கம் செய்வர். முதுமக்கள் தாழியில் முன்னோரை வைத்த ஆதிச்சநல்லூரையும், வீரருக்கு நடுகல் நட்ட வழக்கத்தையும் அறிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முன்னோரை ஊரார் கூடி நினைப்பதே இரண்டிலும் உள்ள பொருள்.

விழா சில நாள்களில் முடிந்துவிடும்; அதற்கான உழைப்போ ஆண்டுக்கணக்கில் நீளும். விழாவுக்கென்று பன்றிகளைத் தனியே ஒதுக்கித் தேங்காய்ப் பருப்பு ஊட்டி வளர்ப்பர். வள்ளிக்கிழங்குத் தோட்டம் போடுவர். தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெரிய பழத்தை வேகவைத்து, நாரை நீக்கி, மாவாகப் பிசைந்து வைப்பர். பிற ஊராரை முறைப்படி அழைப்பர். அழைக்கப்பட்ட ஊரார் தம் படகுகளில் வந்து சேர்வர். இங்கே அனைவரும் ‘ஹோடி’ என்று கூறும் அந்தப் படகின் ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பிணைக்கப்பட்டிருக்கும், அலையில் கவிழாது. பகலில் ஹோடிப் பந்தயமும், பன்றியை வெறுங்கையால் அடக்கும் வீர விளையாட்டும் நிகழும். சல்லிக்கட்டு கண்ட கண்களுக்கு அது விளங்கும். இரவில் குருத்தோலை அணிந்து, ஒருவர் தோளில் மற்றவர் கை வைத்து, பெருவட்டமாக ஆடுவர். இதில் பார்வையாளர் என்று தனியே எவரும் இல்லை. வட்டத்துக்குள் நிற்பவர் எல்லாரும் ஆடுபவரே.

விருந்தில் பங்குபெற்ற ஊர் பின்னொரு நாள் விருந்தளிக்கும் கடமையை ஏற்கிறது. பகைத்துக்கொண்ட இரண்டு ஊர்கள்கூட அடுத்த விழாவை எண்ணிப் பேசித்தான் ஆக வேண்டும். இவ்வாறு இரத்தலும் ஈதலும் இன்றி, மாறி மாறி அளிக்கும் முறையால் ஊர்கள் பிணைந்திருந்தன.

காலம் இவ்விழாவையும் மாற்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவர் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் தங்கி, சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். வீட்டை விட்டுத் தொலைவில் வந்து பாடம் சொன்ன அவரை இத்தீவுகளின் தமிழர் இன்று மறந்துவிட்டனர், நிக்கோபாரியர் மறக்கவில்லை. அவரிடம் பயின்ற நிக்கோபாரிச் சிறுவருள் ஒருவர் பர்மாவின் மாந்தளைக்குச் சென்று கற்று, ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயருடன் திரும்பினார். பிற்காலத்தில் ஆயரானார்; புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார்; 1952இல் அமைந்த முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார்; 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார். மக்கள் கிறித்தவராயினர். எலும்பு எடுக்கும் சடங்கு பெரிதும் குறைந்தது. ஆயினும் பன்றி விருந்தும் வட்ட ஆட்டமும் ஹோடிப் பந்தயமும் நின்றுவிடவில்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாள்களோடு அவை கைகோத்துக்கொண்டன.

2004 டிசம்பர் 26 அன்று, அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்தது. கடற்கரையில் இருந்த ஊர்கள் அழிந்தன. எல்பனங்களும் அவற்றோடு சென்றன. நிலமே தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் உள்ள இந்திரா முனையில் நிலம் சுமார் 4.25 மீட்டர் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நின்றது. டிரிங்கட் தீவு மூன்று துண்டாயிற்று. அதன் மக்கள் கமோர்ட்டாவுக்கு மாற்றப்பட்டனர். மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற சௌராத் தீவினர் தெரெசாவில் தங்க வைக்கப்பட்டு, பின்னர்த் தம் தீவுக்குத் திரும்பினர். பெரிய நிக்கோபாரின் கரையோர ஊரார் கேம்பெல் பே அருகில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே ஒரு குடியிருப்பின் பெயர் ‘நியூ சிங்கென்’. பழைய சிங்கென் ஊரின் பெயரையேனும் உடன் எடுத்து வந்திருக்கிறார்கள். பழைய ஊர்களுக்கே திரும்ப வேண்டும் என்று அவர்கள் இன்றும் கேட்டு வருகின்றனர்.

உதவிகள் வந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொருள் குவிந்தது. ஆயினும் நிக்கோபாரி மூப்பர்கள் கேட்டது வேறு: வாளும் கோடரியும் தாருங்கள், எம் வீடுகளை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றனர். அவர்களுக்குக் கிடைத்தவை முதலில் தகரக் கொட்டகைகள். பின்னர் வரிசை வரிசையாக, தனித்தனிக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்ட வீடுகள். உதவி செய்தவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் பலர் ஒன்றாக உண்ட துஹெத், வீட்டு எண்களாகப் பிரிந்தது. பன்றிகள் அலையோடு போயின. புதிதாக நட்ட தென்னை காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். பன்றியும் தேங்காயும் பொதுவெளியும் இல்லாமல் விருந்து வைப்பது எவ்வாறு? விழா என்பது மகிழ்ச்சி பொங்கும்போது செய்வது என்று எண்ணுவோர் உண்டு. நிக்கோபாரியர்க்கோ அதை மீண்டும் தொடங்குவதே எழுந்து நிற்கும் வழியாயிற்று. முதலில் குட்டிகளை வளர்த்தனர், ஹோடிகளைக் குடைந்தனர், பின்னர் ஊர்கள் ஒன்றையொன்று அழைத்தன.

நிலத்தை இழந்தபின் கூடும் களத்தை மீட்டெடுத்த மக்கள் வேறிடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் தொல்குடிகளுள் ஒருவரான செரோக்கியரின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே அழித்தது கடலன்று, சட்டம். அப்பலாச்சிய மலைப்பகுதியில் உழுது வாழ்ந்த செரோக்கியரை, 1830இல் இயற்றிய சட்டத்தைக் காட்டி, 1838இல் படைவீரர் வெளியேற்றினர். ஏறத்தாழ 16,000 பேர் மேற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். குளிரிலும் நோயிலும் சுமார் 4,000 பேர் இறந்தனர் என்பர். அவ்வழியைக் ‘கண்ணீர்ப் பாதை’ என்று உலகம் அழைக்கிறது.

அவர்கள் சுமந்து சென்றவற்றுள் ஒன்று எழுத்து. செக்குவோயா என்னும் செரோக்கியர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தம் மொழியின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு குறி வகுத்து 1821இல் எழுத்துமுறை ஒன்றை முடித்தார். இன்று வழக்கில் உள்ளவை 85 எழுத்துகள். தமிழின் க, கா, கி, கீ போலவே அங்கும் ஓர் எழுத்து ஓர் அசையைக் குறிக்கும். 1828இல் அவ்வெழுத்தில் ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் செய்தித்தாளே வெளிவந்தது.

புதிய நிலமாகிய ஓக்லஹோமாவில், தாலக்குவா என்னும் ஊரில், 1839 செப்டம்பர் 6 அன்று அவர்கள் தம் அரசியலமைப்பில் கையொப்பமிட்டனர். நடந்து வந்த களைப்பு தீராத ஆண்டு அது. அந்நாளை நினைந்து 1953 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர்த் தொடக்கத்தில் ‘செரோக்கி தேசிய விழா’ நடைபெறுகிறது. முதல் விழா நடந்தபோது தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட அவர்களிடம் இல்லை. 1971இல்தான் அவ்வுரிமையை மீண்டும் செலுத்தினர். அரசு திரும்புமுன்பே விழா திரும்பியது என்பது கவனிக்கத்தக்கது. அங்கே கழிப்பந்து ஆடுவர். சோளத்தட்டைக் குவியலை இலக்காக வைத்து அம்பெய்வர். கல்லுருண்டைகளைக் குழிகளை நோக்கி எறிந்து கோலியும் ஆடுவர். தீயைச் சுற்றி ஆடும் ஆட்டத்தில் பெண்கள் காலில் ஆமையோட்டுக் கிலுகிலுப்பைகளைக் கட்டியிருப்பர். சலங்கையின் வேலையை அவை செய்கின்றன.

செரோக்கி நாட்டின் குடிமக்கள் இன்று நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் தாலக்குவாவுக்கு அப்பால், அமெரிக்காவின் நகரங்களில் பிழைப்புக்காகப் பரவியுள்ளனர். அவர்களால் ஆண்டுதோறும் ஊர் வர இயலாது. எனவே கலிபோர்னியா, டெக்சஸ் முதலிய இடங்களிலும் சமூகக் கூட்டங்கள் நடக்கின்றன. தலைவரும் கதைசொல்லிகளும் அங்கே செல்கின்றனர். கூடை பின்னவும் எழுத்துகளை எழுதவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகின்றனர். எல்லாரும் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்பர். கூடி உழைத்தலைக் குறிக்கும் ‘கடுகி’ என்னும் சொல் அவர்களுடைய மொழியில் உண்டு. தமிழின் ‘கடுகி’யோடு அதற்கு உறவில்லை. ஆயினும் மொழி நிலை கவலைக்குரியது. தாய்மொழியாகச் செரோக்கி பேசுவோர் சுமார் 2,000 பேரே என்பர். அவருள் பலர் முதியோர். 2001இல் தாலக்குவாவில் தொடங்கிய பள்ளியில் சிறுவர்க்கு எல்லாப் பாடங்களும் செரோக்கி மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன.

கூட்டம் கலைந்தால் மொழி என்னாகும் என்பதற்கு அந்தமானிலேயே சான்று உண்டு. போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மனிதராகிய போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010 சனவரி 26 அன்று ஸ்ரீ விஜயபுரத்தில் காலமானார். அப்போது அவ்வூருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். தம் மொழியில் மறுமொழி கூற எவரும் இல்லாத நிலையில் அவர் இறுதி ஆண்டுகளைக் கழித்தார்.

நிக்கோபாரியரின் மொழிக்கு அந்நிலை வரவில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் படிக்கவும் பணிபுரியவும் வந்துள்ள நிக்கோபாரி இளைஞர்கள் தமக்குள் அம்மொழியிலேயே உரையாடுகின்றனர். கார் நிக்கோபாரின் விழாவைக் காண விரும்பும் வெளியார் நினைத்தவுடன் கப்பலேறிச் சென்றுவிட இயலாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். அது நல்லதே. அந்த வட்டத்தில் கைகோப்பவர் யார் என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி

சொற்பொருள் அறிக: மெய்க்கீர்த்தி – அரசனின் வெற்றிகளைக் கூறும் கல்வெட்டுப் பகுதி, மந்தை – ஊர்ப் பொதுவெளி, தறுவாய் – வேளை, மூப்பர் – ஊர்ப் பெரியோர்.

1. எல்பனத்தில் இருந்தவை யாவை? அவற்றுள் உங்கள் குடியிருப்பில் உள்ளவை எவை, இல்லாதவை எவை?

2. நிக்கோபாரி மூப்பர்கள் வீட்டுக்குப் பதிலாகக் கருவிகளைக் கேட்டது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.

3. ‘அரசு திரும்புமுன்பே விழா திரும்பியது’ – இத்தொடர் குறிக்கும் நிகழ்ச்சியை ஆண்டுகளுடன் விளக்குக.

4. உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் சிறுவயதில் கண்ட ஊர்த் திருவிழா ஒன்றைக் கேட்டறிக. அவ்விழாவில் அவர் செய்த வேலை என்ன என்பதை அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.