சில்லறை சேமிப்பாக…

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது கீரைக்கட்டுக்குக்கூட க்யூஆர் கோடுதான். பைசா சுத்தமாகக் கணக்குத் தீர்ந்துவிடுவதால், உண்டியலில் போட மீதிச் சில்லறையே கையில் தங்குவதில்லை. அதற்கு மாற்று இது:

1. எந்தச் செலவையும் அடுத்த பத்து ரூபாயாகக் கணக்கு வையுங்கள். ஆவின் பச்சை பாக்கெட் அரை லிட்டர் 22 ரூபாய். அதை 30 என்று எழுதி, 8 ரூபாயை ஒதுக்குங்கள். தினம் ஒரு பாக்கெட் வாங்கும் வீட்டில் பாலில் மட்டுமே மாதம் 240 ரூபாய் சேரும். மாதக் கடைசியில் கையைக் கடித்தால் பத்தை ஐந்தாக்குங்கள்; அடியோடு நிறுத்துவதற்கு அது மேல்.

2. ஞாயிறுதோறும் போனில் செலவுப் பட்டியலைப் பார்த்து, வித்தியாசத்தைக் கூட்டி வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். செலவுக் கணக்கிலேயே கிடந்தால் கரைந்துவிடும்.

3. சேர்ந்ததைத் தபால் நிலைய ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) போடுங்கள். மாதம் 100 ரூபாயே போதும். காலம் 5 ஆண்டு. தவணை மாறாது என்பதால், நிச்சயமாகச் சேரும் தொகைக்கு மட்டும் தொடங்குங்கள். தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம்.

4. மீதியைத் தானாகப் பிடித்து டிஜிட்டல் தங்கம் வாங்கும் செயலிகளில் அவசரப்படாதீர்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே எச்சரித்திருக்கிறது.

5. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். அதன் வட்டி ஆர்.டி. வட்டியைவிடப் பல மடங்கு.