கையொப்பமிடுமுன்

மருமகனுக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். உன் சுவர்ச்சிற்பத்துக்கு அவர்கள் தரும் தொகை நியாயமானதே. அதைக் குறித்து வாதாட வேண்டாம். ஆனால், சிற்பி தமது சகல உரிமைகளையும் துறக்கிறார் என்று இறுதியில் எழுதியிருக்கிறார்களே, அதைக் கண்டுதான் என் மனம் வருந்திற்று.

பிரதி எடுக்கும் உரிமை முழுவதையும் ஒருவன் பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பின்னரும், அப்படைப்பு தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் கீர்த்திக்குப் பங்கம் நேரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அவனிடமே நிலைத்திருக்கும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. தார்மிக உரிமை என்பது இதுவே.

இதன் அருமையைச் சிற்பி அமர்நாத் சேகல் நன்கு அறிந்திருந்தார். டில்லி விஞ்ஞான் பவனத்துக்காக, ஏறத்தாழ 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பல ஆண்டுகள் உழைத்து அவர் படைத்தார். கட்டிடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று 1979-இல் அதிகாரிகள், அவருக்கு ஒரு சொல்கூடத் தெரிவியாமல், அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அங்கே அது சிதைந்தது. முறையிட்டுப் பயன் காணாமல் 1992-இல் அவர் வழக்குத் தொடுத்தார். சிற்பம் சர்க்காரின் சொத்து, அதை எங்களிஷ்டப்படி செய்வோம் என்னும் வாதத்தை ஏற்காத டில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய பாகங்களைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும், ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு அளிக்கவும் 2005-இல் தீர்ப்பளித்தது. கேட்டது ஐம்பது லட்சம். ஆயினும், 83 வயதில் அம்முதியவர் மீட்டது பணத்தினும் பெரிதென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சட்டத்தையே முற்றும் நம்பி இருந்துவிடாதே. படைப்பைக் காட்சிக்கு வைக்காமலிருப்பது குற்றமாகாதென்று அதே 57-ஆம் பிரிவு கூறுகிறது. டில்லி பிரகதி மைதானத்தில் கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் மண்டபம் 2017-இல் இடிக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், நிலத்துக்குரியவர் கட்டிடத்தை முழுதும் அகற்றுவதைக் கலைஞர் தடுக்க இயலாதென்று அதே நீதிமன்றம் 2019-இல் முடிவு செய்தது.

ஆகையால் அந்த வாக்கியத்தை நீக்கச் சொல். சிற்பத்தருகே உன் பெயரைப் பொறிக்க வேண்டும். எப்போதேனும் அதை அகற்ற நேர்ந்தால் முன்கூட்டி எழுத்தில் உனக்குத் தெரிவித்து, நீயே எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். இவ்விரண்டையும் சேர்க்கக் கேள். இதற்காகத் தொகையில் சிறிது குறைக்கச் சொன்னால் தயங்காமல் குறைத்துக்கொள். மறுத்தால் கையொப்பமிடாமல் எனக்கு எழுது. நமக்குத் தெரிந்த வக்கீலிடம் நானே உன்னை அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா